எலுமிச்சைத் தோல் புகையும் ஒரு பல்லியும்

தலைப்பிள்ளை பெற்று, தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். மழை விட்டதும் கொசு மொய்த்தது. துணைக்கு வந்திருந்த அக்கா, சட்டியில் சிரட்டைக் கரி நெருப்பை அள்ளி, காய்ந்த எலுமிச்சைத் தோலைத் தூவிக் கட்டிலருகே வைத்தாள்.

"பச்ச உடம்புல காத்துப் பட்டா சன்னி வந்துரும்த்தா" என்று சன்னலைச் சாத்தி, கதவிடுக்கிலும் கந்தலைத் திணித்துவிட்டு உட்கார்ந்தாள்.

வாசனை நன்றாகத்தான் இருந்தது. கொசுச் சத்தம் நின்றது. பிறகு சுவரிலிருந்த பல்லி பொத்தென்று விழுந்தது, அசையவில்லை. அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். கண்ணைத் திறந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட நாக்குப் புரளவில்லை. அந்தியானால் வீறிடும் பிள்ளை, தொட்டிலில் சத்தமில்லாமல் கிடந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

கடலிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர், "ஏத்தா, பிள்ள சத்தத்தையே காணோம்?" என்று கேட்டது எங்கோ தூரத்தில் ஒலித்தது. பதில் வராததால் கதவை உதைத்துத் திறந்து எங்களை முற்றத்துக்கு இழுத்து வந்தார். கடற்காற்றுப் பட்ட பிறகே பிள்ளை அழுதது, அக்காவும் கண்ணை இமைத்தாள்.

குற்றம் தோலில் இல்லை, அடைத்த அறையில் கனன்ற கரியில்தான் என்றார் வந்து பார்த்த கம்பவுண்டர். இப்போது தோலை வேகவைத்து, ஆறிய தண்ணீரை மூலைகளில் தெளிக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் சன்னல் சாத்தியிருந்தால், யாரையும் கேட்காமல் போய்த் திறந்துவிடுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும், அந்தப் பல்லியை அவர்கள் பார்த்ததில்லை.