சீனத்தைச் சீனமாக்கிய வேலை

மன்னார்ப் பக்கம் முருங்கனுக்குக் கிட்ட றோட்டுப் போட வந்த ஒரு சீனக் கம்பனியின் காம்பில், அதாவது வேலைமுகாமில், நான் வான் ட்ரைவராகத்தான் சேர்ந்தேன். முதல் நாள் படித்த சீனச் சொல் 'மெதுவா'. மற்றவை எட்டு வருசத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. பிழையாகச் சொல்லி, சிரிப்பு வாங்கிப் படித்த மொழி. பிறகு ட்ரான்ஸ்லேற்றர் வேலையும் தலையில் விழுந்தது. சீனத்தைத் தமிழாக்குவது கஷ்டமில்லை. நான் பட்ட பெரிய கஷ்டம் சீனத்தைச் சீனமாக்கியதுதான்.

1. முன் சீற், பின் சீற்

பெரிய லின் நிலம் அளக்கிற சேவேயர், சின்ன லின் வெல்டர். கூடப் பிறந்த அண்ணன் தம்பி. அவர்கள் பேசிய சீனத்தை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு விதம் எனக்கு வராது.

பெரியவர் புத்த சமயம். அறையில் சின்னப் புத்தர், முன்னால் இரண்டு தோடம்பழம். சின்னவர் வேதம், அதாவது கிறிஸ்தவம். சீனாவில் யாரோ ஒருவர் வீட்டின் நாலாம் மாடியில் கூடி ஜெபிக்கிறவர்களோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவர். தகப்பனின் செத்தவீட்டில் ஊதுபத்தி பிடிக்க மாட்டேன் என்று நின்றாராம். அயல் சனத்துக்கு முன்னால் அண்ணனுக்கு முகம் கறுத்துப்போனது.

"அது வெளிநாட்டுச் சமயம்," என்பார் பெரியவர். புத்தரும் எங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்தானே என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கனகாலம். அவர் இப்ப சீனன்."

இப்படியான கணக்கு எங்கள் நாட்டிலும் உண்டு. அதனால் மேலே கேட்கவில்லை.

பிறகு சீனாவில் அவர்களின் தாயார் காலமானார். இவர்களுக்கு டிக்கெட் கிடைக்க முன்னமே தகனம் முடிந்துவிட்டது. எந்தச் சமயப்படி நினைவுகூருவது என்று சண்டை பிடித்து, நேர்ப் பேச்சை நிறுத்தினார்கள். என் வானில் பெரியவர் முன் சீற்றில், சின்னவர் பின் சீற்றில். நடுவில் நான்.

"அவனிட்டைச் சொல்லு. எங்கடை முறைப்படி நாப்பத்தொன்பதாம் நாள் அம்மாவின்ரை படத்துக்கு முன்னால ஊதுபத்தி பிடிச்சு முழங்காலில நிக்கோணும். இல்லாட்டி எனக்குத் தம்பி இல்லை. நான் வேற காம்புக்குப் போறன்."

"அம்மா கடைசி வருசம் ஞானஸ்நானம் எடுத்தவ. நான் அப்பிடிச் செய்தா அவவுக்குத் துரோகம் எண்டு சொல்லு."

இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. நான் கொஞ்சம் தண்ணீர் கலந்து சொல்வேன். கலந்தது இருவருக்கும் தெரியும், ஒருவரும் திருத்தவில்லை.

2. யாருடைய கோயில்?

காம்பில் சமைத்த சிலாவத்துறை முஸ்லிம் நானா எச்சரித்தார்: "சண்டைக்கு விலக்குப் பிடிக்கப் போனவனுக்கு ரெண்டு ஊட்டிலயும் சோறில்ல, தம்பி." நான் கேட்கவில்லை. மன்னார்த் தீவில் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில், நாற்பத்தொன்பதாம் நாள் பின்னேரப் பூசையில் நினைவுகூர அந்த அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். பெரியவரிடம் மெழுகுதிரி, சாம்பிராணி, முழந்தாள் எல்லாம் உண்டு என்றேன். சின்னவரிடம் சிலுவை, வேதாகமம், ஜெபம் உண்டு என்றேன். இரண்டும் உண்மை.

அன்று சின்னவர் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மாதா, அந்தோனியார், செபஸ்தியார், பூமாலை, புகை.

"நீ வேதக்காரன் எண்டு சொன்னாய்?"

"ஓம், பரம்பரை பரம்பரையா."

"பொய். இது புத்த கோயில்."

எங்கள் கத்தோலிக்கத்துக்கும் சிலை வைக்காத அவருடைய சபைக்கும் அவர்கள் நாட்டில் பெயரே வேறாம். இரண்டு தனிச் சமயமாம். எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குள் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முன் வரிசைக்குப் போய் முழந்தாளில் நின்றுவிட்டார். வேதக்காரன் வெளியே, புத்தன் உள்ளே. சுவாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

3. இரண்டு போன்கள்

பூசை முடிந்து பெரியவர் கண் சிவக்க வெளியே வந்தார். "அம்மா மெய்யாவே என்ன சொன்னவ எண்டு அவனிட்டைக் கேள்."

சின்னவர் போனை எடுத்து, தாயார் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைப் போட்டார். "மகன், ஒவ்வொரு நாளும் இயேசுவிட்டை ஜெபிக்கிறன். கவலைப்படாதை. வடிவாச் சாப்பிடு."

பெரியவர் தன் போனை எடுத்தார். அதே நாள், கால் மணித்தியாலம் பிந்தியது. அதே குரல். "மகன், ஒவ்வொரு நாளும் புத்தரின்ரை பேரைச் சொல்லுறன். கவலைப்படாதை. வடிவாச் சாப்பிடு."

"ஆருக்குப் பொய் சொன்னவ?" என்று சின்னவர் என்னிடம் கேட்டார். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்றேன். இருவரும் என்னை முறைத்தார்கள். அன்று பின்னேரம் நான் செய்ததும் அதுதானே.

பெரியவர் என்னைக் கடந்து தம்பியிடம் திரும்பினார்.

"நீ சாப்பிட்டனியா?"

"இல்லை."

திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. மூடிக்கொண்டேன்.

காம்புக்குத் திரும்பியதும் பெரியவர் தாயாரின் படத்தை வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். தம்பியிடம் ஒன்றை நீட்டிப் பிடிக்கச் சொல்லவில்லை. தம்பி பக்கத்தில் நின்று, தலையைக் குனிந்து, தன் பாட்டில் ஜெபித்தார். வேறு காம்புக்குப் போகும் கதையை யாரும் பிறகு எடுக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். இரண்டு பக்கத்துக்கும் இதமாகச் சொல்லுங்கள், பிழையில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒருநாள் பதிவைப் போட்டுக் காட்டும். அன்றைக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ஒதுங்கி நின்று வானைக் கழுவுங்கள்.