சித்திரை மாதத்துக் கம்பளிக் குல்லா

எனக்குக் குரோஷா பின்னத் தெரியும் என்று இப்போது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சித்தூர் கான்வென்ட் பள்ளியில் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டது. டி.வி.க்கு உறை, டெலிபோனுக்கு உறை, தண்ணீர்ச் சொம்புக்கு உறை என்று வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் சட்டை போட்டுவிட்டவள் நான். கடைசியாகப் பின்னியது ஒரு குல்லா வைத்த மப்ளர். தலையை மூடி, கழுத்தில் பொத்தான் போட்டு, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி. எனக்குத்தான் பின்னுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யை ஒத்துக்கொள்ளாமலே விமானமும் ஏறிவிட்டேன்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து என் தலை அக்காவின் கையில்தான் இருந்தது. எண்ணெய் வைப்பது, பேன் பார்ப்பது, ஜடை பின்னுவது எல்லாம் அவள். மாம்பழக் கூழ் பேக்டரியில் காலை ஷிப்டுக்குப் போகுமுன் என்னை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து இழுத்துப் பின்னுவாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "அழுவாத, ஸ்கூல்ல அவுந்து தொங்கினா நல்லா இருக்குமா?" என்பாள். அவளுக்குக் கல்யாணமாகி மாமா வந்த பிறகும் இது நிற்கவில்லை. எங்கள் இருவருக்குமே இடுப்புக்குக் கீழே வரை முடி. தெருவில் எங்களுக்கு அதுதான் அடையாளம்.

நான் திருப்பதியில் கல்லூரி முடித்து, ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்த காலம் அது. முதல் தடவை எனக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கிடைத்தது. சித்தூருக்கு வந்து சொன்னதும் அக்கா திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"மொட்டை வேண்டிக்கினு இருக்கன்டி. சனிக்கெழம மேல போறோம்."

"பூமுடி குடுத்தா போதும்கா. மூணு கத்தரி வெட்டிட்டா வேண்டுதல் முடிஞ்சிது. பொம்பளைங்க அப்படித்தான செய்றாங்க?"

"பூமுடின்னா வேண்டிக்கினேன்? மொட்டைன்னுதான வேண்டிக்கினேன். அப்புறம் சாமியாண்ட பேரம் பேசுறதா?"

சனிக்கிழமை மாமாவோடு மலைக்குப் போனாள். மாமாவும் சேர்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். மறுநாள் இரண்டு பேரும் தலையில் சந்தனத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றால் முடி உள்ளவர்கள்தான் குறைவாக இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அக்கா தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் மட்டும்தான் வேறு ஒன்றை நினைத்தேன். மெட்ராஸ் விமான நிலையம். என்னோடு ஐதராபாத் ஆபீஸ் ஆட்கள், நெல்லூர்ப் பக்கத்துக்காரர்கள், நாலைந்து பேர் வருகிறார்கள். அவர்களை வழியனுப்ப வரும் அம்மாக்கள், அக்காக்கள், பட்டுப் புடவைகள். நடுவில் மொட்டைத் தலையோடு என் அக்கா. இதை எழுதக் கை கூசுகிறது. எனக்காக எடுத்த முடி அது. அதைப் பார்த்து என் மனதில் முதலில் வந்தது நன்றி இல்லை, அவமானம். மாமாவின் மொட்டை எனக்கு உறுத்தவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வராதே என்று அவளிடம் சொல்ல முடியாது. முக்காடு போட்டுக்கொள் என்றால் ஏன் என்று கேட்பாள். அப்போதுதான் இந்த மப்ளர் யோசனை வந்தது. மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். சித்திரை வெயிலில் உல்லன் நூல் கேட்டவளைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அமெரிக்கா என்றதும் மரியாதை வந்துவிட்டது. பரணிலிருந்து பழைய ஸ்டாக்கை இறக்கிக் காட்டினார். கத்திரிப்பூ கலரில் ஐந்து உருண்டை இருந்தது.

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பின்னினேன். உள்ளங்கை வேர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டது. பவுடர் பூசிக்கொண்டு பின்னினேன். உச்சியில் ஆரம்பித்து வட்டமாக வளர்த்துக்கொண்டு வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று அளவு பார்க்காவிட்டால் தொளதொள என்று ஆகிவிடும். "நம்ம ரெண்டு பேர் தலையும் ஒரே அளவுதான்கா, கொஞ்சம் காட்டு" என்று அக்காவைக் கூப்பிடுவேன். ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருப்பவள் கத்தியை வைத்துவிட்டு வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். அவள் தலை என் கையில் இருந்தது அந்த ஒரு வாரம்தான். புதிதாக முளைத்த முடி குத்திட்டு நின்று கம்பளியைப் பிடித்து இழுத்தது. மெதுவாக விடுவித்து எடுப்பேன்.

"அங்க சலி ஜாஸ்தியாமே. காதாண்ட நல்லா இறுக்கமா பின்னு. காத்து பூந்துடும்" என்பாள். குளிருக்கு எங்கள் வீட்டில் சலி என்றுதான் சொல்வோம்.

இன்னொரு நாள், மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவள் சட்டென்று கேட்டாள். "ஏன்டி, இதுல உன் ஜடை எங்க போவும்?"

"உல்லன்கா. இழுத்தா வரும்."

அவள் கண்ணாடியிலேயே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டு மாங்காய் வெட்டப் போனாள்.

மும்பை வழியாகப் போகிற மதிய விமானம். மெட்ராஸுக்குள் வாடகைக் கார் நுழைந்ததும் பையிலிருந்து மப்ளரை எடுத்தேன். "அக்கா, மொட்டத் தலையில வெயில் பட்டா ஜுரம் வரும். இத போட்டுக்கோ. நான் அங்க போயி வாங்கிக்கிறேன்" என்றேன். மாமா, "இந்த வெயில்லயா?" என்றார். அக்கா வாங்கித் தலையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டாள்.

வழியனுப்ப வந்தவர்கள் வெளியே கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தார்ச்சாலை கொதித்தது. என்னோடு வேலை செய்த பையனின் அம்மா நெல்லூரிலிருந்து வந்திருந்தார். மாமாவின் தலையைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மொக்கு தீர்ச்சுகுன்னாரா?" என்று கேட்டார். தெலுங்கில் வேண்டுதலை முடித்துவிட்டீர்களா என்று அர்த்தம். கொழுந்தியாளுக்காக யார் இப்படிச் செய்வார்கள் என்று மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமா பதறிப்போய், "இல்லமா, வேண்டிக்கினது நான் இல்ல..." என்று ஆரம்பித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். மாமா நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பினார். இந்தக் கொதிக்கிற வெயிலில் கம்பளியா என்று கேட்டார். கத்திரிப்பூ கலர் விளிம்புக்கு அடியிலிருந்து வேர்வை வழிந்து அக்காவின் புருவத்தில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை எனக்கே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"ஜுரம்" என்றேன்.

அந்த அம்மா ஐயோ பாவம் என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். என் ஆட்களோடு உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். மாமா ஒரு பேப்பரால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவள் எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே மறைகிறவரை பொத்தானை அவிழ்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சரியான தண்டனை. அக்கா அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தனக்கென்று பின்னியதை, என் மொட்டைத் தலை வெயிலில் காயக் கூடாது என்று என் தங்கச்சி எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று. குளிர்காலத்தில் போன் செய்தால் முதல் கேள்வி, "உன்னுத நான் புடுங்கிக்கினேனே, வேற வாங்கிக்கினியா?" என்பதுதான். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். வாங்கிட்டேன்கா என்று மட்டும் சொல்வேன்.

நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன். அதற்குள் என் முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். குளிரில் தலைக்கு ஊற்றி உலர்த்துவது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அங்கே எல்லோரும் அப்படி வைத்திருந்தார்கள். அக்கா என்னைக் கட்டிப் பிடித்தபோது அவள் கை பழக்கத்தில் என் முதுகில் ஜடையைத் தேடியது. அவள் முடி திரும்பவும் வளர்ந்து தோளைத்தான் எட்டியிருந்தது. பழைய அடர்த்தி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உன்ன மாதிரி தங்கச்சி யாருக்கு கெடைக்கும்?" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

கிளம்புகிற அன்று காலை அக்கா பீரோவைத் திறந்து மப்ளரை எடுத்தாள். ரசகற்பூர உருண்டை வாசனை அடித்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

"எடுத்துக்கினு போ. உன் பொருள் உன்கிட்ட இருக்கணும்."

முகத்தை மறைத்துக்கொள்ள ஒன்று கிடைத்ததே என்று தலையில் மாட்டிக்கொண்டேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா என்னைக் கண்ணாடிக்கு முன்னால் திருப்பினாள். காதோரம் இழுத்துச் சரிசெய்து, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"இப்பதான் உனக்கு சரியா இருக்குது" என்றாள். "அப்போ உன் ஜடைக்கு எடமே வுடலியே நீ."

குரலில் கோபம் துளி இல்லை. மாங்காய் வெட்டிக்கொண்டிருந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் காரில் மாட்டிக்கொண்டாள். தெரிந்துதான் நாலு வருஷமாக என்னை நல்லவளாக்கி ஊரெல்லாம் சொன்னாள். வெட்கத்தில் உடம்பே எரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து புருவத்தில் நின்றது.

அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுப் பொத்தானை அவிழ்த்தாள்.

"கழட்டுடி, வேர்க்குது பாரு உனக்கு."