பரோட்டாக் கடைக்கு ஒரு மருந்துச் சீட்டு

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவான ஜூன் மாதம், தென்காசியில் கிளினிக் வைத்திருக்கும் நான் அவருடைய பரோட்டாக் கடைக்கும் முதலாளி ஆனேன். கணவர் ராணுவத்தில், வட எல்லையில். நான் கேரள எல்லையில், புளியறை சாலையில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட மாமா தன் நெஞ்சைப் பற்றிப் பேசவில்லை. "ஏம்மா, குத்தால சீசன் தொடங்கிட்டு. கல்லு மட்டும் ஆறிரப்புடாது, பாத்துக்க" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரே குஷி. மனித உடம்பையே ஓட்டத் தெரிந்தவளுக்கு ஒரு கடை எம்மாத்திரம்? தினமும் காலையில் கடைக்குள் ரவுண்ட்ஸ் போனேன். சப்ளையர் கிளாஸை உடைத்தால் அதற்கொரு விதி. வெங்காயம் உரிக்கும் அக்காக்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் இடம் மாற்றி உட்காரவைக்க ஒரு விதி. சால்னா வாளிக்காக மாஸ்டரும் சப்ளையரும் மல்லுக்கு நின்றால் ஆளுக்கொரு வாளி. எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். என் கையெழுத்தை மெடிக்கல் கடைக்காரரைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

சுவர் நிறைந்த அன்று மாஸ்டர் வந்து நின்றார். "டாக்டரம்மா, இந்த வாரத்தோட நான் நின்னுக்கிடுதேன். புனலூர்ல ஒரு கடையில கூப்பிடுதாவ."

"இங்க என்ன குறை?"

"கொறை ஒண்ணும் இல்ல. சும்மா, ஒரு மாதிரியா இருக்கு."

வண்டிகள் எங்கள் கடையில் நிற்பதே அவர் கைக்காகத்தான். அவர் போனால் கடை படுத்துவிடும். மாமாவிடம் சொல்லலாம் என்றால், நெஞ்சில் போட்ட தையல்கூட இன்னும் காயவில்லை.

மறுநாள் கிளினிக்கில் வாசுதேவநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தலைசுற்றல் என்று வந்தார். கையில் மஞ்சப்பை, பை நிறைய மாத்திரை. மூட்டுக்கு ஒருவர் கொடுத்தது, அது வயிற்றைப் புண்ணாக்க அதற்கு இன்னொருவர் கொடுத்தது, தூக்கம் வராமல் போக அதற்கும் ஒன்று. நான் புதிதாக எதுவும் எழுதாமல் பாதியை நிறுத்தினேன்.

"ஒரு ஊசிகூட இல்லியா?" என்று மனிதர் ஏமாந்துபோனார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோயாளிக்கு மாத்திரையை நிறுத்துகிறவள், கடைக்கு மட்டும் வேளாவேளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்!

அன்று மாலையே சுவரிலிருந்த சீட்டுகளைக் கிழித்துப்போட்டேன். அக்காக்கள் சேர்ந்து சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான். வாளிச் சண்டையும் தணிந்தது. மாஸ்டரின் முகம் மட்டும் மாறவே இல்லை. அப்படியானால் இன்னும் ஏதோ ஒரு மாத்திரை பாக்கி இருக்கிறது. வருஷக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரையை நோயாளிகள் மாத்திரை என்றே சொல்ல மாட்டார்கள், நாமாகத் துருவித் துருவிக் கேட்க வேண்டும்.

வெளியே சாரல். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஒரு வேன் கூட்டம் ஈரத் தலையும் துண்டுமாக உள்ளே நுழைந்தது. மாவு வீசிக்கொண்டிருந்த மாஸ்டர் கையை நிறுத்திவிட்டு, அவர்கள் தலையிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீரையே பார்த்தார்.

"நீங்க கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டிய! காலைலதான சோப்பு போட்டுக் குளிச்சேன்."

"அருவியில?"

"சீசன்ல கல்ல விட்டுட்டு எங்க போக? கல்யாணத்துக்கு முந்திக் குளிச்சது."

இப்போதோ அவர் மகளுக்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்! அருவிக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். மதுரைக்காரனும் கொல்லத்துக்காரனும் வந்து குளிக்கிறான், குளித்த பசிக்கு நாங்கள் பரோட்டா போடுகிறோம். கல்லு ஆறக்கூடாது என்பதுதான் இத்தனை வருஷமாக அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சீசனின் உச்சத்தில், அடுப்பை அணைத்தேன். எல்லோரையும் காய்கறி வேனில் ஏற்றி ஐந்தருவிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். ஆண்கள் ஒரு பக்கம், அக்காக்கள் ஒரு பக்கம் என்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்களுடைய சட்டை, போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நான் கரையில் நின்றேன்.

என் போன் அடித்தது. மாமா.

"ஏம்மா, என்ன சத்தம் அங்கன? மழையா?"

பொய் வாய்வரை வந்தது. "ஐந்தருவி மாமா. எல்லாரையும் குளிக்கக் கூட்டிட்டு வந்துட்டேன். கல்லு ஆறிட்டு."

பிழைத்து எழுந்த மனிதரைக் கொன்றுவிட்டோமோ என்று பதறினேன்.

"தண்ணி நல்லா விழுதா?"

"கொட்டுது மாமா."

"கடை போட்டதுல இருந்து நானும் சீசன்ல குளிச்சதில்ல. போன அந்தப் பக்கமாக் காட்டு, சத்தமாவது கேக்கட்டும்."

கையை உயரத் தூக்கிப் பிடித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சொட்டச் சொட்ட ஓடிவந்த மாஸ்டர் போனைப் பிடுங்கினார். "அண்ணாச்சி, கேக்கா? ஒடம்பத் தேத்திக்கிட்டு வாங்க, ஒங்களத் தூக்கிட்டே வந்துருதோம்!"

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பல் கிடுகிடுக்க, "டாக்டரம்மா, நாளைக்கு மைதா ஒரு மூட கூடச் சொல்லிருங்க. இன்னைக்குத் திரும்பிப் போனவனெல்லாம் வருவான்" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "புனலூர்க்காரன் கூப்பிட்டா எடுக்காதிய."

அவருடைய போன் என் கையிலிருந்த துணிகளின் மேல்தான் இருந்தது. சொல்லிவைத்தாற்போல் அடித்தது. அதை அப்படியே சட்டைகளுக்குள் சுருட்டி, துண்டு விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு பெண்கள் பக்கம் ஓடினேன்.