டச்சப் செய்யாத படம்

ராயபுரத்தில் கறுப்பான பெண்களே கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்தக் காலத்துக் கல்யாணத் தரகரின் பையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின் மேல் பென்சிலால் தடவித் தடவி எல்லாப் பெண்களையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்கு டச்சப் என்று பெயர். என் மகளுக்கும் தடவினார். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்து, "போட்டோவுல இருக்கிறது இவங்க அக்காவா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்படி இரண்டு குடும்பங்கள் போயின.

அடுத்து வந்த சம்பந்தம் ஒரு கப்பல்காரருடையது. இன்ஜின் அறையில் வேலை. ஊருக்கு வரப் பல மாதங்கள் ஆகும் என்பதால் பெண்ணைப் படத்தில்தான் பார்த்தாக வேண்டும். அவருடைய அம்மா, மூத்த மருமகளை ஸ்டூடியோ படம் பார்த்து எடுத்து, கோயில் வாசலில் அடையாளம் தெரியாமல் தவித்தவர். அதனால் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தோ பாரு டீச்சரு, டச்சப்பு கிச்சப்பு எதுவும் வோணாம். எம் புள்ள ஜப்பான்லேர்ந்து வாங்கியாந்த கேமரா வூட்ல கீது. எந் தம்பியே வந்து எடுப்பான். உள்ளது உள்ளபடி தெரியணும்."

உள்ளது உள்ளபடி தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள் தப்பாகச் சொன்ன வாய்ப்பாட்டையெல்லாம் சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வந்தார்கள். தம்பிக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். தோல் உறைக்குள்ளிருந்து கேமராவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். செங்கல் கனம். மேலே ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கண் அதன் வழியாகப் பார்க்கும். படம் பிடிப்பதோ கீழே இருக்கும் லென்ஸ். பார்ப்பது ஒன்று, பதிவது இன்னொன்று. பெண் பார்க்க இதைவிடப் பொருத்தமான இயந்திரம் உலகத்தில் இருக்க முடியாது.

மொட்டை மாடியில் மகளை நிற்க வைத்தோம். துறைமுகத்துக் கரித்தூள் படியாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டேன். ஜன்னலுக்குள் கண்ணை வைத்தவர் கத்தினார்.

"இன்னா டீச்சரு, பொண்ணு ரெண்டா கீது!"

"ஐயோ, ஒண்ணுதான் அண்ணே."

"பயப்படாத. நடுவுல மஞ்சக் கட்டம் கீது, அதுல ரெண்டா தெரியும். இந்த வளையத்த திருப்பினா ரெண்டும் ஒண்ணா சேந்துக்கும். அப்பத்தான் படம் தெளிவா வுயும்."

"சீக்கிரம் சேத்துடுடா," என்றார் அக்காக்காரர். "ரெண்டு பொண்ணு சோறு துன்னா கட்டுப்படியாவாது."

அவர் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தார், பொத்தானை அமுக்கினார், இழுத்தார், அமுக்கினார். உட்கார்ந்து, நின்று, சிரித்து, சிரிக்காமல். முப்பத்தாறு படம் எடுக்கும் ஃபிலிம். கேமராவின் தலையில் எண் காட்டும் வட்டம் முப்பத்தாறைக் காட்டியது. நான் மூச்சு விட்டேன். அவர் மறுபடி இழுத்தார். லீவர் சிரமமில்லாமல் வந்தது.

"பாத்தியா! இன்னும் வருது!"

"ஜப்பான்காரன் தாராளம்டா," என்று அக்கா கன்னத்தில் கை வைத்தார். "நம்மூரு கடைக்காரன் இப்டி குடுப்பானா?"

கொசுறுப் படங்கள் தொடர்ந்தன. வந்ததற்கு எங்களையும் எடுத்தார். என் கணவர் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். அப்போதுதான் மகள் பேசினாள். கான்வென்டில் விளையாட்டு விழாவுக்குப் படம் எடுத்த சிஸ்டருக்கு இவள்தான் ஃபிலிம் மாட்டிக் கொடுப்பாள்.

"மாமா, நீங்க லீவர் இழுக்கறப்ப இந்த இடது பக்கத்துக் குமிழ் சுத்தணும். சுத்தவே இல்ல. ஃபிலிம் உள்ள பல்லுல மாட்டல. ஒரு படமும் வுழுந்திருக்காது."

அவர் குனிந்து குமிழைப் பார்த்தார். எனக்கோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. படமே இல்லை! படம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. அந்தச் சந்தோஷத்தோடு அவள் வாயை மூடச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தொறந்தா வெளிச்சம் பட்டு அல்லாம் பூடும்," என்றார் அவர், கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு.

"இருந்தாத்தானே போறதுக்கு?" என்று கையை நீட்டினாள்.

அவள் தவறாகச் சொல்லியிருந்தால் படங்களோடு சம்பந்தமும் அந்த நிமிடமே போய்விடும். அக்காக்காரர் தம்பியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "குட்றா" என்றார். பின்பக்கம் திறந்தது. ஃபிலிம் சுருள் டப்பாவுக்குள் அப்படியே இருந்தது; நாக்கு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வின்ச்சு ஓட்றவன்டா நீ," என்று அக்கா சிரிக்கத் தொடங்கினார். "கொக்கில மாட்டாமயே காலைலேர்ந்து தூக்கிக்கினு கீறே!"

மகள் ஃபிலிமைப் பல்லில் மாட்டி, மூடி, குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்து, அவரிடம் கொடுத்தாள். "மாமா, கால அங்கியே வெச்சுக்குங்க, ஆடாதீங்க" என்று அவரை அதட்டிக்கொண்டிருந்தபோது விழுந்த படம்தான் கப்பலுக்குப் போனது. புருவத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, உள்ள நிறத்தில்.

அவர்கள் புறப்படும்போது மகள் இன்னொன்று செய்தாள். அவர்கள் முன்பே தந்திருந்த மாப்பிள்ளையின் ஸ்டூடியோ படத்தை, அந்தக் கோட்டு சூட்டையும் ரோஜாக் கன்னத்தையும், அவர் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அத்தை, அவருதும் டச்சப் இல்லாம ஒண்ணு வேணும்."

நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.  அந்த அம்மா, "நாயந்தானே," என்று படத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்ற செய்தியும், கப்பல் தோழர் ஒருவர் எடுத்த படமும் சேர்ந்தே வந்தன. எண்ணெய்ப் பனியன். நெற்றி உச்சந்தலைவரை போயிருந்தது.  இதற்கா இத்தனை செபமாலை சொன்னேன்? "யோசிச்சு சொல்லலாம்டி" என்றேன். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "கண்ணு நேரா பாக்குதும்மா. சரின்னு சொல்லிடுங்க" என்றாள்.

கப்பல் வரவிருந்த மாதத்தில் கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பாதிரியார் சொல்லி நிறுத்தியபோது, பக்கத்தில் மண்டியிட்டிருந்த மகள், நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேன் என்பதுபோல், என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அடுத்த அறிவிப்பு தொடங்கும்வரை விடவேயில்லை.