துப்பக் கூடாத பீர்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லாண்டரி வைத்திருக்கும் கான் பாய், என் வேலை உடுப்பை மட்டும் இரண்டு விரலால்தான் தூக்குவார். மற்றவர்களின் சட்டைகளெல்லாம் மெஷினுக்குள் போகும். என்னுடைய கறுப்பு ஏப்ரன் மூலையில் இருக்கும் நீல வாளிக்குப் போகும். கேட்டால், "தும் அச்சா ஆத்மி ஹை, பாய். லேகின் யே அலக்" என்பார். நான் நல்லவன்தானாம், ஏப்ரன்தான் தனியாம். பெஷாவர்ப் பக்கத்து மனிதர், தொழுகை தவறாதவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் உடம்பு முழுக்க பீர் வாடையோடு அறைக்குத் திரும்புகிறவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? என் அறை இருக்கும் அல் கூஸுக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். நம்மூர்க்காரர்கள் வேறு ரகம். மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்றைக்கு நல்ல வேட்டையா என்று கண்ணடிப்பார்கள். நான் குடிப்பதில்லை என்று விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், துபாயில் ஏது பீர் என்று கேட்பீர்கள். தெருவில் கிடையாது. ஹோட்டல்களுக்குள் உரிமத்தோடு உண்டு. நான் வேலை பார்ப்பது ஒரு ஹோட்டலின் கீழே இருக்கும் ஐரோப்பிய ரெஸ்டாரண்டில், பார் கவுண்டருக்குப் பின்னால். நான் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். எனக்குத் தெரிந்து ஊரில் பீர் இரண்டே வகை. கூலிங் உள்ளது, கூலிங் இல்லாதது. இங்கே அது ஒரு சுவர் நீளத்துக்கு நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி கிளாஸ், தனிக் குளிர், தனி வரலாறு. பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்தாலும் இந்த வரலாறுகளை மறக்கக் கூடாது. தெரியாமல் முழித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், மேனேஜர் அறைக்குக் கூப்பிடுவார்.

இந்த வேலைக்கு நடுவில்தான் நான் அந்த நேர்ச்சையைச் செய்து தொலைத்தேன். போன லீவில் மனைவி ரோஸ்லினையும் மகளையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போயிருந்தோம். ஆறு வயது மகள், கோயில் வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்பா நீங்கள் எப்போது துபாய்க்குத் திரும்பிப் போவீர்கள் என்று கேட்டாள். விருந்தாளியிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள். உள்ளே போய் மாதா முன்னால் முழங்காலில் நின்று, இவர்கள் இருவரும் துபாயில் என்னோடு வந்து சேருகிறவரை ஒரு சொட்டு முழுங்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். அதுவரை லீவு நாளில் அறைக்காரர்களோடு சேர்ந்து குடிக்கிற ஆள்தான் நான். வெளியே வந்து பெருமையாகச் சொன்னபோது ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாருல வேல பாக்குதவரு நேருத நேர்ச்சையா இது? ஒரு மொட்டையப் போட்டுட்டு வந்துருக்கலாம்லா?"

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் கடற்கரையில் நேர்ச்சை என்பது வாய்வார்த்தை இல்லை. நேர்ந்தவன் தவறினால் கணக்கு அதோடு முடியாது, வீட்டில் இன்னொருவர் அதை ஏற்றுத் தீர்க்க வேண்டும். ரோஸ்லினின் அப்பா போட்டுவிட்டு மறந்த நேர்ச்சைக்காக அவள் அம்மா வருடக்கணக்கில் மீன் தின்னாமல் இருந்தவர். கடற்கரையில் பிறந்து மீன் தின்னாமல் இருப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நான் சமாளித்தேன். வைன் ருசி பார்க்கும் பயிற்சி வரும்போதெல்லாம் மேசைமேல் ஒரு சின்ன வாளி வைப்பார்கள். வாயில் ஊற்றி, சுழற்றி, அதில் துப்பிவிடலாம். பெரிய பெரிய நிபுணர்களே துப்புகிறார்கள். ஊரில் துப்பினால் அநாகரிகம், இங்கே துப்பினால்தான் நாகரிகம். முழுங்க மாட்டேன் என்றுதானே நேர்ந்தேன் என்று சொல்லிக்கொண்டு நானும் நாகரிகமாகத் துப்பி வந்தேன்.

அப்போதுதான் அந்த பெல்ஜியப் பாணி பீர் வந்தது. பெரிய பாட்டில், கார்க் போட்டு, மேலே கம்பி கட்டி. ஒரு வயதான வெள்ளைக்காரர் கேட்டார். திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. மழை நேரத்து மாட்டுத்தொழுவம், அதன்மேல் காடியைத் தெளித்ததுபோல. கெட்டுப்போயிருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஐயா, ஸ்டாக் முழுக்கப் பாழாகிவிட்டது, உங்கள் வயிற்றுக்கு ஆகாது என்று அக்கறையோடு சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வாடைக்காகத்தான் அதை வாங்குகிறார்களாம். இட்லி மாவு இப்படி நாறினால் ரோஸ்லின் சாக்கடையில் கொட்டிவிட்டு ஃபிரிட்ஜைத் திட்டுவாள். இங்கே அதைக் கார்க் போட்டு, கம்பி கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

மூன்று பாட்டில் வீணான செய்தி மேலே போனது. மேனேஜர் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. பெல்ஜியத்திலிருந்து ஒரு நிபுணர் வருகிறார், எல்லோரும் அவர் முன்னால் இந்த பீரை ருசி பார்த்து விளக்க வேண்டும், காலியாக இருக்கும் சூப்பர்வைசர் வேலையை அதை வைத்தே முடிவு செய்வோம் என்றார். சூப்பர்வைசர் என்றால் ஃபேமிலி ஸ்டேட்டஸ். ஃபேமிலி ஸ்டேட்டஸ் என்றால் ரோஸ்லினுக்கும் மகளுக்கும் விசா. நான் காத்துக் கிடந்த கதவு, எத்தனையோ நல்ல பொருட்கள் இருக்க, இந்தத் தொழுவ வாடைக்குள்தான் திறக்க வேண்டுமா?

நிபுணர் பெயர் வில்லெம். நெட்டையான, சிவந்த முகத்து மனிதர். வழக்கமான பீருக்கு வளர்ப்பு ஈஸ்ட் போடுவார்கள், இதற்குக் காட்டு ஈஸ்ட், பழைய வைன் பீப்பாய்க்குள் ஒரு வருடத்துக்கு மேல் தூங்கவிடுகிறார்கள் என்று அவர் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். என் முறை வந்தது. கிளாஸில் துருநிறம். நுரை எழுந்த வேகத்தில் அடங்கியது. என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். போன தடவை பட்ட அவமானம் மனதில் இருந்ததால், ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். தொழுவம், என்றேன் ஆங்கிலத்தில். அவர் கண்கள் மின்னின. ஈர வைக்கோல், என்றேன். அருமை என்றார். வெயிலில் காய்ந்த தோல் செருப்பு, புளி, பல நாள் மூடிக்கிடந்த மரப்பெட்டி. நான் குறை சொல்லச் சொல்ல அவர் மகிழ்ந்துகொண்டே போனார். நான் அந்த பீரைத் திட்டுகிறேன் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் ருசி பார்த்த பிலிப்பைன்ஸ் பையனும் ஏறக்குறைய இதையேதான் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

பிறகு ஒரு வாய் எடுத்தேன். முதலில் புளிப்பு, தாடை எலும்பின் மூலையில் பிடித்து இழுக்கிற புளிப்பு. கொஞ்சம் பழ வாசம். செர்ரி என்று கையேடு சொல்கிறது, செர்ரியை நான் கேக் மேல்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நாவல்பழம். தின்றபின் நாக்கு தடித்துப்போகுமே, அந்தத் துவர்ப்பு. வாயில் சுழற்றிக்கொண்டே வாளியைத் தேடினேன். மேசைமேல் இல்லை. மேசைக்கடியிலும் இல்லை.

"பீரைத் துப்பக் கூடாது," என்றார் வில்லெம். "கசப்பு தொண்டையில்தான் தெரியும். முழுங்கினால்தான் ருசி பார்த்ததாக அர்த்தம்."

எனக்கு வேர்த்துவிட்டது. வாய் நிறைய பீர், கேஸ் மூக்கு வழியே முட்டுகிறது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, முஸ்லிமா, அப்படியானால் கட்டாயமில்லை, போய்த் துப்பிவிட்டு வரலாம், மதிப்பெண் குறையாது என்றார். இத்தனை மரியாதையான ஒரு வழியை யாரும் எனக்குக் காட்டியதில்லை. தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் என்ன செய்தேன்? வாய் திறக்க முடியாததால், காலருக்குள் கைவிட்டு, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினேன். கழுத்தில் மாதாவைத் தொங்கவிட்டுக்கொண்டு வேறு மதம் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. விஷயத்தை இதிலிருந்தே புரிந்துகொள்வார் என்றும் நினைத்தேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கத்தோலிக்கரா? அப்புறம் என்ன தயக்கம்? எங்கள் ஊரில் மடத்துச் சாமியார்களே பீர் காய்ச்சுவார்கள். நோன்புக் காலத்தில் அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு."

அவருக்கும் அதே மாதாதான், அதே ஜெபமாலைதான். ஆனால் அவர் ஊர்ச் சாமியார் பீர் காய்ச்சுகிறார், எங்கள் ஊர்ச் சாமியார் பிரசங்கத்தில் பாட்டிலைப் பற்றி அரைமணி நேரம் கத்துகிறார். இதை அவருக்கு எப்படி விளக்குவது, அதுவும் வாயில் பீரை வைத்துக்கொண்டு? நின்றபடியே யோசித்தேன். முழுங்கினால் நேர்ச்சை போகும். முழுங்காவிட்டால் எதற்காக நேர்ந்தேனோ அது போகும். குடும்பம் வரும்வரை குடிக்க மாட்டேன் என்கிறேன், குடிக்காவிட்டால் குடும்பம் வராது. இப்படி ஒரு முடிச்சை என் எதிரிகூட எனக்குப் போட்டிருக்க மாட்டான். பீர் வாய்க்குள் சூடாகிக்கொண்டிருந்தது. மகளின் மரியாதையான கேள்வி நினைவுக்கு வந்தது. முழுங்கினேன்.

கசப்பு அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. தொண்டையைத் தாண்டியபின் மெல்ல எழுந்து, வறண்டு, மரத்தின் வாசத்தோடு நீண்டநேரம் நின்றது. அதற்குப் பிறகு தொழுவம் தொழுவமாகத் தெரியவில்லை. புளிப்பும் துவர்ப்பும் அந்த வாடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேர்ச்சையை உடைத்த பானம் மருந்துபோல இருந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை எனக்கே கிடைத்தது. அன்று சாயங்காலம் ரோஸ்லினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதாள், மகளைக் கூப்பிட்டாள், திருவனந்தபுரத்திலிருந்து பிளேனா மதுரையிலிருந்தா என்றெல்லாம் கேட்டாள். அத்தோடு போனை வைத்திருக்கலாம். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. வாளி இல்லாத கதையை வேடிக்கையாகச் சொன்னேன்.

"முழுங்கிட்டியளா?" என்றாள்.

ஒரு வாய்தான், உங்களுக்காகத்தான் என்றேன். மாதாவுக்குத் தெரியாதா, பெற்ற மகனைப் பிரிந்த வலி தெரிந்தவள்தானே என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

"மாதாவுக்குத் தெரியும். அதுக்காவ குடுத்த வாக்கு இல்லன்னு ஆயிருமா? நா நடந்து போயி தீத்துட்டு வாரேன். அதுக்கு மின்ன பிளேன் ஏற மாட்டேன்."

வேளாங்கண்ணிக்கு. நடந்து. எங்கள் ஊரிலிருந்து. விசாவுக்குக் கெடு வைப்பார்கள், அதற்குள் நாட்டுக்குள் கால் வைக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, இங்கே ஒரு ஆஃபீஸில் ஒரு மூடு மாறினால் அதுவும் இல்லை என்று விளக்கினேன். கெஞ்சினேன். லீவு கிடைத்ததும் நானே வந்து நடக்கிறேன் என்றேன். சூப்பர்வைசர் ஆனவனுக்கு அந்த வருடம் லீவு கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். கடைசியில் கத்தினேன், உன்னை யார் நடக்கச் சொன்னது என்று. "ஒங்கள யாரு நேரச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இது ஆகஸ்ட் மாதம். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, காவிச் சேலை கட்டிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறாள். வாடகைக்கு எடுத்த புது ஃபிளாட்டின் சாவி என் பையில் இருக்கிறது. குக்கர் வாங்கி வைத்தாயிற்று, மகளுக்குக் கட்டில் போட்டாயிற்று. ஆனால் தனியாக அங்கே படுக்கப் பிடிக்காமல் அல் கூஸ் அறையிலேயே உறங்குகிறேன். பகலெல்லாம் ஏசிக் குளிரில் நின்று, தொழுவம், தோல், நாவல்பழம் என்று அதே பீரைச் சிபாரிசு செய்கிறேன். நன்றாக விற்கிறது. நேற்று ரோஸ்லின் தன் பாதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள், கொப்புளத்தில் மஞ்சள் பூசி. ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். எங்கே இருக்கிறாய் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்றாள்.

இன்று காலை ஏப்ரனைக் கொடுக்கப் போனபோது கான் பாய் குடும்பம் எப்போது வருகிறது என்று விசாரித்தார். நடந்துகொண்டிருக்கிறாள் என்றேன். இந்தியாவிலிருந்து துபாய்க்கு நடந்தா என்று பெரிதாகச் சிரித்தார். முதல்முறையாக என் தோளில் தட்டினார், ஏப்ரனை வாளியில் போட்டார். வெளியே வந்து போனைத் திறந்து, அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்தேன். தொண்டிக்குப் பக்கத்தில், ரோட்டோரத்தில், வெகுநேரமாக அசையாமல் நின்றது. பஸ் வந்துவிட்டது, ஏறாமல் நின்றேன். பிறகு புள்ளி மெல்ல நகர ஆரம்பித்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்த்திசையில், வடக்கே. என்னிடம் வந்து சேருவதற்காக அவள் என்னைவிட்டு இன்னும் கொஞ்சம் தூரம் போய்க்கொண்டிருந்தாள்.