பொய் சொல்லும் கதாநாயகி

மேற்கு சிட்னியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். போன வருடம் பதினோராம் வகுப்பின் மேல்நிலை ஆங்கிலப் பிரிவுக்கு ஒரு தடித்த நாவலைத் தெரிவு செய்தேன். அதில் கதை சொல்லும் கதாநாயகியே பொய் சொல்வாள். எது பொய் என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை. இது அவர்களுக்குக் கடினம்," என்றார் துறைத் தலைவர். நானும் தமிழ் வீட்டில் வளர்ந்தவள்தான் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

சில நாட்களில் பள்ளிக்கு அருகே வென்ட்வேர்த்வில் கடையொன்றில் மாணவி ஒருத்தியின் தாய் என்னைக் கண்டார்.

"ரீச்சர், மகள் அந்தப் புத்தகத்தோட அழுகிறா. லேசான ஒண்டைக் குடுக்கேலாதோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. விளங்காததை வகுப்பில கேக்கச் சொல்லுங்கோ."

மறுநாள் அந்த மகள் வகுப்பில் கேட்டாள். "கதாநாயகி, தகப்பன் அன்று ஊரில் இல்லை என்கிறாள். பிறகு அதே நாளில் அவரோடு தேநீர் குடித்தேன் என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மிஸ்."

அந்த இரண்டு இடங்களையும் மறுபடி பாருங்கள் என்றேன். வகுப்பு முழுவதும் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியது. "அப்படியென்றால் இவள் பொய் சொல்கிறாள்," என்று அவளே மெல்லச் சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் யாராவது ஒரு புதுப் பொய்யோடு வந்தார்கள்.

தவணை முடிவில் துறைத் தலைவர் வகுப்பைப் பார்க்க வந்தார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. கதாநாயகி பாவம் என்று அவர் வாய் திறந்தார். அந்த மாணவி விடவில்லை. பக்கம் பக்கமாகக் காட்டி அவரை மடக்கினாள். தோற்றதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அடுத்த வருடமும் இதே நாவல்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.