அய்யனாருக்கு நேர்ந்த முடி

கன்னையா மூன்று வருஷத்துக்காக மலாயாவுக்கு வந்தவர். இதை அவரே சொல்லாத நாள் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதைக்குச் சல்லி உடைத்துக் கொடுக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலை. கப்பலை விட்டு இறங்கியபோது மீசை அரும்பியிருந்தது. ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் வேலை போன காலத்தில் காதோரம் நரைத்திருந்தது. அந்த மூன்று வருஷம் மட்டும் முடிந்தபாடில்லை.

தற்காலிகமாக இருப்பவர் என்பதால் கட்டில் வாங்கவில்லை. கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவர் மூலையில் ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான். பெண் இருப்பதாகச் சொல்லி வந்த கங்காணியையும், "ஊருக்குப் போற ஆளு எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஆனால் இதே தற்காலிக மனிதர் புஷ்பவல்லியின் ஆப்பக்கடைக்குப் பின்னால் ஒரு முருங்கை நட்டார். அது காய்த்து, காற்றில் முறிந்து, அதே இடத்தில் இன்னொன்று நட்டு, அதுவும் காய்த்துக்கொண்டிருந்தது. கேட்டால், "மழையாச்சேன்னு சும்மா ஊனி வச்சேன்" என்பார்.

புஷ்பவல்லியின் புருஷன் காய்ச்சலில் போய் வெகுகாலம். கன்னையா காலையில் அவள் கடையில் ஆப்பம் சாப்பிடுவார். மத்தியானம் அங்கேயே சோறு. சாயங்காலம் தண்ணீர் தூக்கிக் கொடுப்பார். இதற்கு லயத்தில் ஒரு பெயர் இருந்தது. அவர்கள் இருவரும் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

அவருடைய முடிதான் பிரசித்தம். வரும்போது கடல் கொந்தளித்ததில், நல்லபடியாகப் போய்த் திரும்பி வந்தால் தலைமுடியை ஊர் அய்யனாருக்குத் தருவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதல் முடியைக் கத்தி தொடக்கூடாது. அது தோளைத் தாண்டி, முதுகைத் தாண்டி, இடுப்புக்கு வந்துவிட்டது. வேலை நேரத்தில் சல்லித்தூசி படியாமல் துண்டால் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் உட்காருவார்; புஷ்பவல்லி எண்ணெய் வைத்துச் சீவிவிடுவாள்.

"சொத்து அய்யனாருது, எண்ணெய் என்னுது," என்பாள். "அவரு எப்பத்தான் வாங்கிக்கப் போறாரு?"

"வர்ற தைக்குப் போயிருவேன் புள்ள."

"எந்தத் தை? ஒவ்வொரு தையும் வந்து உங்களத் தேடிட்டுப் போவுது."

ரப்பர் விலை விழுந்த அந்த வருஷம் தைக்குச் சற்று முன்னால், வேலையில்லாத கூலிகளைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இருப்பவர்களுக்கு அரை வேலைதான். சல்லிக் குத்தகைக்காரரின் ஆட்களில் யார் முதலில் போவது என்று முடிவுசெய்வது கணக்கெழுதும் கிராணி கந்தப்புவின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். திருநீறும் கழுத்துப்பட்டையுமாக ஆபீஸுக்கு வருபவர். மிகவும் நல்லவர். கெட்டவரிடமிருந்து தப்பிக்க வழியுண்டு. நல்லவர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டால் கஷ்டம்.

"உம்மட முடியைப் பாக்க எனக்கு மனம் பொறுக்கேல்லை, கன்னையா," என்றார். "எத்தினை வருஷமா ஊர் ஏக்கத்தைத் தலையில சுமக்கிறீர். ஆர் வந்து கெஞ்சினாலும் சரி, உம்மைத்தான் முதல் அனுப்புவன்."

கன்னையா கும்பிட்டார். இத்தனை வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்று சொன்ன வாயால் போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதிலும் கடவுள் சொத்தைத் தலையில் வைத்துக்கொண்டு?

தன்னை முதலில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினவன், கூட வேலைசெய்த சின்னையா. கிராப்புத் தலை, சட்டை, சப்பாத்து, முகத்தில் பவுடர். இவனுக்கு இந்த நாடு ஒத்துப்போய்விட்டது என்று யாரும் சொல்லுவார்கள். கந்தப்புவும் அதைத்தான் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினார். சின்னையா சல்லிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். ஊரில் பெண்டாட்டியும், அவன் முகமே பார்க்காத ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

கன்னையாவுக்கு ஊரில் யாரும் இல்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கேயோ போய்விட்டான். அவருக்கென்று இருந்தது இந்தக் கடையும் இந்த முருங்கையும்தான். கப்பல் ஏறினால் அது போச்சு.

"கிராணிகிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே," என்றாள் புஷ்பவல்லி.

"கிராணிகிட்ட சொல்லலாம். அய்யனாருகிட்ட?"

அவள் தோசைக்கல்லைத் துடைத்தாள். அன்றிரவே அவருடைய வேட்டிகளைத் தேய்த்து மடித்து இரண்டு மூட்டையாகக் கட்டியும் வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு வேலை சுத்தமாக வரும்.

கப்பல் கிளம்பும் நாளுக்கு முன்னால் தைப்பூசம் வந்தது. இருவரும் பத்துமலைக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் ரெங்கசாமி சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லயத்துக்கே அவர்தான் நாவிதர். கன்னையா ஒருவர்தான் அவர் கைக்கு அகப்படாத தலை.

"வாங்கண்ணே, உக்காருங்க. உங்க தலையப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிருச்சு."

"இது அய்யனாருக்கு நேந்தது ரெங்கசாமி. இங்க இருக்கிறது முருகன்."

புஷ்பவல்லி காவடிக் கூட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "உங்க அய்யனாரு எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு?"

"கெழக்கப் பாத்து."

"கெழக்க என்ன இருக்கு?"

"சவுக்குத் தோப்பு."

"அதுக்கு அந்தாண்ட?"

"கடலு."

"கடலுக்கு அந்தாண்ட?"

ரெங்கசாமிதான் சொன்னார்: "நாமதான். கொஞ்சம் தெக்கால தள்ளி."

"அப்ப இத்தன வருஷமா உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு," என்றாள் புஷ்பவல்லி. "இங்க எறக்கினாலும் அவரு கண்ணு முன்னாலதான்."

"திரும்பி வந்து தர்றேன்னு சொல்லியிருக்கேனே."

"அவருக்குக் குதிர இருக்குல்ல? பத்தலேன்னா வந்து வாங்கிக்கட்டும்."

கன்னையா மேற்கே திரும்பி உட்கார்ந்தார், அய்யனாருக்கு நேர் எதிராக இருக்கட்டும் என்று. துண்டை அவிழ்த்தார். ரெங்கசாமி தண்ணீரை அள்ளித் தெளித்தார். முடி மடியில் விழ விழ, அதை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் எழுந்தவர், நடக்கத் தெரியாதவர்போல இரண்டடி தடுமாறினார். அத்தனை பாரம் அது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முடியை வாழையிலையில் பொதிந்து ஆற்றில் விட்டார்கள். ஆறு அதைத் தாராளமாக வாங்கிக்கொண்டு போனது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையைப் பார்த்துக் கந்தப்பு எழுந்தே விட்டார்.

"என்ன இது?"

"வேண்டுதல் தீந்துதுங்க."

"இஞ்சயோ? சாஸ்திரத்தில இதுக்கு இடமிருக்கோ தெரியேல்லை." சிறிது யோசித்தார். "அப்ப நீர் போகவேண்டிய அவசரமில்லை?"

"இல்லீங்கய்யா. சின்னையாவுக்குத்தான் அவசரம்."

"அவன் சந்தோசமா எல்லோ இருக்கிறான்? பவுடர் பூசிக்கொண்டு திரியிறான்."

"அழுத மூஞ்சி தெரியக்கூடாதுன்னு பூசிக்கிறாருங்க."

கந்தப்பு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனசிலும் சின்னையாவை விரட்டியது உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அரை வேலைதான் தரலாம்," என்றார். "பசியிருக்க வேண்டி வரும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"ஆப்பம் இருக்குதுங்க," என்றார் கன்னையா.

வழியனுப்பக் கிள்ளான் துறைமுகம் வரைக்கும் போனார். சின்னையா அன்று பவுடர் பூசவில்லை. அழுகையும் சிரிப்புமாக இருந்த முகத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். நெரிசலில் ஒரு பியூன் கன்னையாவின் தோளைப் பிடித்து, "நீயும் ஏறு, ஏறு" என்று வரிசைக்குள் தள்ளினான். சின்னையாதான் இழுத்து வெளியே விட்டான்: "அவரு உள்ளூர் ஆளுண்ணே, விடுங்க."

இந்த நாட்டில் கன்னையாவை உள்ளூர் ஆள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மறுக்கவில்லை.

கப்பல் நகர்ந்து புகை மறையும்வரை நின்றுவிட்டு, ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தார். வெயிலில் புதுத்தலை கன்றிச் சிவந்திருந்தது. புஷ்பவல்லி உட்காரச் சொல்லி, சந்தனம் அரைத்துப் பூசினாள்.

"மூட்டை ரெண்டையும் பிரிச்சுட்டேன்," என்றாள் கடைசியில். "வேட்டி பூராவும் தொவச்சுக் கொடியில கெடக்கு. போறதா இருந்தா ஈரத்தோடதான் போகணும்."

"காயட்டும்," என்றார் கன்னையா. சுவரில் சாய்ந்து, உடனே தூங்கிப்போனார்.